குளிப்பாட்டப் போனால் ஓடி ஒளிகிறதா உங்கள் நாய்? முதலில் பயத்தைப் போக்குங்க!

(பெரணமல்லூரில் நாய் வளர்ப்பவர்களிடம் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் வீட்டில் நாய் வளர்க்கிறீங்க. சிலர் வீட்டில் நம்ம நாட்டு நாய், சிலர் வீட்டில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, இன்னும் சிலர் வீட்டில் பொமரேனியன், லேப்ரடார். எந்த நாயாக இருந்தாலும் வாளியை எடுத்தவுடன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வது நடக்கிறது. சீப்பைக் காட்டினால் உறுமுகிறது. நகம் வெட்டப் போனால் கையைக் கவ்வ வருகிறது. "திமிரு பிடிச்ச நாய்"னு சொல்லி நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்கிறோம். அடுத்த முறை அது இன்னும் அதிகமாக முரண்டு பிடிக்கும்.

அது திமிரு இல்லைங்க, பயம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தறிச் சத்தத்தில் தூங்கும், டிரிம்மருக்கு நடுங்கும்

நெசவு செய்கிற வீட்டில் வளரும் நாயைக் கவனிச்சுப் பாருங்க. தறி ஓடுகிற சத்தத்துக்குப் பக்கத்திலேயே சுருண்டு படுத்துத் தூங்கும். அதே நாய் சின்ன டிரிம்மர் சத்தத்துக்கு நடுங்கும். காரணம் எளிது. தறிச் சத்தத்தைக் குட்டியிலிருந்தே கேட்டுப் பழகியிருக்கிறது, அந்தச் சத்தத்தால் அதற்கு எந்தக் கெடுதலும் நேர்ந்ததில்லை. டிரிம்மர் திடீர்னு ஒரு நாள் வருகிறது, கூடவே நாலு கைகள் அமுக்குகின்றன.

நாயின் காது நம் காதைவிடக் கூர்மையானது. நமக்கு அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். வழுக்குகிற தரை, காதுக்குள் போகும் தண்ணீர், முன்பு ஒரு முறை நகத்தோடு ரத்தக்குழாய் வெட்டுப்பட்ட வலி என்று ஒவ்வொன்றும் அதன் நினைவில் நிற்கும்.

குட்டி பிறந்த 3 வாரத்திலிருந்து சுமார் 14 வாரம் வரை புதுசை ஏற்றுக்கொள்ளும் காலம். அப்போதே காதைத் தொட்டு, பாதத்தைப் பிடித்து, சீப்பால் தடவிப் பழக்கிவிட்டால் பின்னால் சிரமமே இல்லை. வளர்ந்த நாயையும் பழக்கலாம், கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான்.

கடிப்பதற்கு முன் நாய் சொல்லும்

"திடீர்னு கடிச்சிடுச்சு" என்று சொல்வோம். பெரும்பாலும் அது முன்பே சொல்லியிருக்கும், நாம்தான் கவனித்திருக்க மாட்டோம். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, உதட்டை நக்கிக்கொண்டே இருத்தல், முகத்தைத் திருப்புதல், கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை, காலுக்கு இடையில் வால், உடம்பு விறைத்து அசையாமல் நிற்பது எல்லாம் "எனக்குப் பயமா இருக்கு" என்பதன் அடையாளம். அசையாமல் நிற்பதைப் பார்த்து "அமைதியாயிடுச்சு"ன்னு நினைச்சுடாதீங்க.

உறுமுவதற்காக அடிக்கவே கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை மணி. அடித்து அதை நிறுத்திவிட்டால், அடுத்த முறை மணி அடிக்காமல் நேராகக் கடிக்கும்.

எப்படிப் பழக்குவது?

மணி அடித்தபின் உணவு தந்து பழக்கினால், மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டினார். நாமும் அதையேதான் செய்யப் போகிறோம். பயப்படும் பொருள் வந்தால் பிடித்த தீனி வரும் என்று நாய்க்குப் புரிய வைக்கணும். வரிசை முக்கியம்: முதலில் சீப்பு, பிறகு தீனி.

1. முதல் சில நாள் சீப்பைத் தரையில் வையுங்க. நாய் பார்த்தால் ஒரு துண்டு வேகவைத்த முட்டையோ கோழிக்கறியோ கொடுங்க. வெங்காயம், சாக்லேட் கூடாது.

2. அடுத்து சீப்பின் பின்பக்கத்தால் தோளில் ஒரே ஒரு தடவல். உடனே தீனி. இயல்பாக இருந்தால் நாளைக்கு இரண்டு தடவல்.

3. நகத்துக்கும் இதே முறைதான். பாதத்தைத் தொடுவது ஒரு நாள், வெட்டியைக் காட்டுவது ஒரு நாள், நுனியை மட்டும் வெட்டுவது ஒரு நாள். ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும்.

4. டிரிம்மர், டிரையர் சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து, நாய் சாப்பிடும்போது மிக மெதுவாக ஓட விடுங்க. சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால் ஒலி அதிகம், குறைச்சுடுங்க. நாள் செல்லச் செல்லக் கொஞ்சமாகக் கூட்டலாம்.

5. குளிப்பாட்டும் இடத்தில் ஈரச் சாக்கோ ரப்பர் விரிப்போ போடுங்க. கால் வழுக்காவிட்டாலே பாதிப் பயம் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரைத் தோளிலிருந்து பின்பக்கமாக ஊற்றுங்க. தலையில் ஊற்ற வேண்டாம், முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். நாயின் தோல் நம் தோல் மாதிரி இல்லை, அதனால் நம் ஷாம்பு, சோப்பு வேண்டாம்.

எந்தப் படியிலும் நாய் விலகிப் போனால் விட்டுவிடுங்க. பிரிட்டனைச் சேர்ந்த பயிற்சியாளர் சிராக் படேல் உருவாக்கிய ஒரு பயிற்சி முறை உலகம் முழுக்கப் பிரபலம். நாய்க்கு எதிரே சின்ன வாளியில் தீனி வைப்பார்கள். நாய் வாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை வேலை நடக்கும். பார்வையை எடுத்தால் உடனே கையை எடுத்துவிடுவார்கள். "வேண்டாம்னு சொன்னா நிறுத்துவாங்க" என்று தெரிந்த நாய்தான் நம்பி நிற்கும்.

ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேட்காத நாய்கள் உண்டு. கூப்பிட்டும் திரும்பாத நாயைப் பின்னாலிருந்து தொடாதீங்க. தரையைத் தட்டி அதிர்வு கொடுத்து, முன்னால் வந்து காட்டிவிட்டுத் தொடுங்க.

இவற்றைச் செய்யாதீங்க

உண்ணி பிடித்தால் மண்ணெண்ணெய், பினாயில், வயலுக்கு அடிக்கும் மருந்து தடவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தோல் வெந்துபோகும், நக்கினால் உயிருக்கே ஆபத்து. முனை சிறுத்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்க. காது, விரலிடுக்கு, வாலடி மூன்றையும் தினமும் பாருங்க. உண்ணியால் வரும் காய்ச்சல் ரத்த அணுக்களைக் குறைத்து நாயைக் கொல்லக்கூடியது. தொட விடாத நாயின் உடம்பில் உண்ணி இருப்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். பயத்தைப் போக்கணும்னு இவ்வளவு சொல்வதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

வாயைக் கயிற்றால் கட்டாதீங்க. நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். தேவையென்றால் கூடை போன்ற வாய்ப்பூட்டை, அதையும் தீனி கொடுத்துப் பழக்கிய பிறகே போடுங்க. நாம் சாப்பிடும் தூக்க மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. மிகவும் பயப்படும் நாய்க்கு ஏற்ற மருந்தைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தருவார். நாய் நடுங்குவதைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் அவருக்கும் புரிந்துகொள்வது எளிது. நேற்று வரை சீவ விட்ட நாய் இன்று திடீர்னு உறுமினால், அந்த இடத்தில் வலியோ புண்ணோ இருக்கலாம், அதையும் காட்டிடுங்க.

கடித்துவிட்டால்?

நம் வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாதீங்க. உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்க. தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் 4 தவணை. ஒன்றைக்கூட விடக்கூடாது. காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டியிருக்கும், மருத்துவர் சொல்வார். வெறிநோய் அறிகுறி தொடங்கிய பிறகு உயிரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

உங்கள் நாய்க்கு 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்கி, மருத்துவர் சொல்லும் தேதியில் தொடர்ந்து போடுங்க. அடுத்த தேதியைச் செல்போன் காலண்டரில் இப்போதே குறிச்சு வைக்கலாம்.

சேமித்து வையுங்கள்

நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி: 1962
மருத்துவ ஆலோசனை: 104
அவசர ஆம்புலன்ஸ்: 108

கடித்த நாயை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாய் பட்டினியோடும் பயத்தோடும் வேறொரு தெருவில் வேறொரு குழந்தையைக் கடிக்கும். வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் நாயைக் குளிப்பாட்ட வேண்டாம். சீப்பை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, ஒரு துண்டு முட்டை மட்டும் கொடுங்க. நாளைக்கும் அதையே செய்யுங்க. மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக நடக்கும்.