வெயிலிற் காய்ந்த பண்டங்கள்



இலக்கிய உரையொன்றில் வடகத்துக்கும் புழுக்கொடியலுக்கும் என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆற்றுப்படை நூல்களிற் பயின்றவர்களுக்கு அந்த ஐயம் எழாது. பெரும்பாணாற்றுப்படையில், வழி நெடுக எந்த நிலத்து மக்களிடம் எந்த உணவு கிடைக்கும் என்று பாணனுக்குச் சொல்லப்படுகிறது. உண்பதைக் கொண்டு ஒரு நிலத்தை அறிந்துகொள்வது நமக்குப் பழைய வழக்கம். அந்த வழக்கத்தைப் பின்பற்றி யாழ்ப்பாணத்துக் கோடையைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் கோடை நீண்டது. தையில் மாரி ஓய்ந்தால், இடையில் வந்துபோகும் சித்திரைச் சிறுமாரியை விட, ஆவணி புரட்டாசி வரை வெயில்தான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு அது. கிணற்று நீரும் பனைமரமும் வெயிலும்தான் முதல். அந்த மூன்றில் வெயில் ஒன்றே காசில்லாமலும் உழைப்பில்லாமலும் கிடைப்பது. அதை வீணாக்கக்கூடாது என்பது என் அம்மம்மாவின் கொள்கை. மாசி பிறந்ததும் பாயும் சுளகும் கடகமும் முற்றத்துக்கு வந்துவிடும். அடுப்பு குசினிக்குள் ஒன்று, முற்றத்தில் ஒன்று என்று அவர் சொல்வார். முற்றத்து அடுப்பு என்றது வெயிலை.

முதலில் வருவது பனங்கிழங்கு. முந்திய ஆவணி, புரட்டாசியிற் பாத்தி போட்டு அடுக்கிய பனங்கொட்டைகள், தை மாசியிற் கிழங்காகிப் பிடுங்கப்படும். அவித்த கிழங்கை அன்றே உண்ணலாம். உப்பும் மிளகும் தேங்காய்ப் பூவும் சேர்த்து உரலில் இடித்து, உருண்டையாக்கித் தந்தால் பள்ளிக்கூடத்தால் வந்த பசி பறந்துவிடும். ஆனால், உண்டது போக எஞ்சியதே பெரும்பகுதி. பச்சைக் கிழங்கைத் தோலுரித்துக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் கிழித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். புழுக்குதல் என்றால் அவித்தல். பெயரிலேயே செய்முறை இருக்கிறது. புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்பதற்கு நல்ல பல் வேண்டும், பொறுமையும் வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு பிள்ளையின் வாயை மூடிவைக்கக் கூடிய பண்டம் அதைப்போல் வேறில்லை.

ஒடியலோ நேரே தின்பதற்கன்று. இடித்து மாவாக்கிப் பேணியில் அடைத்து வைப்பார்கள். கூழ் காய்ச்சும் நாளில் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்து மேலே நிற்கும் நீரை வடித்துக் கசப்பைப் போக்கிவிட்டு, மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் இட்டுக் காய்ச்சுவார்கள். எங்கள் வீட்டில் விரத காலங்களிற் சைவக் கூழ். முருங்கையிலை கூடுதலாக விழும். பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடிக்கவேண்டும். பீங்கான் கோப்பையில் ஊற்றினால் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

பங்குனியில் வேம்பு பூக்கும். மரத்தின் கீழ்ப் பாய் விரித்து வைத்தால் காலையில் வெள்ளை வெளேரென்று பூ கொட்டிக் கிடக்கும். காம்பும் தூசும் நீக்கிய பூவை, ஊறவைத்து அரைத்த உழுந்தோடும் அரிந்த சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், உப்பு என்பவற்றோடும் குழைத்து, வட்ட வட்டமாகத் தட்டி வெயிலில் வைப்பார் அம்மம்மா. ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் புரட்டவேண்டும். மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். பக்கத்துச் சுளகில் மோர்மிளகாய் காயும். கீறிய பச்சைமிளகாய் இரவெல்லாம் உப்பு மோரில் ஊறும், பகலெல்லாம் வெயிலிற் கிடக்கும், பொழுதுபட மறுபடியும் மோருக்குள் இறங்கும். மோர் முழுவதும் அதற்குள் ஏறி முடியும் வரை இந்தப் போக்குவரத்து நடக்கும்.

சித்திரை விடுமுறையில் எனக்குக் கொடுக்கப்பட்ட உத்தியோகம் காகம் கலைப்பது. "என்ரை ராசா, நிழலிலை இருந்து பாரப்பு, காகம் ஒண்டையும் இறங்க விடாதை" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போவார். கையில் ஒரு பூவரசந் தடி. கூலியாக, காய்ந்தும் காயாத வடகம் ஒன்றைத் திருட்டுத்தனமாக வாயிற் போட்டுக்கொள்வேன். கசப்பும் உறைப்புமாக இருக்கும் அந்த நடுப்பதத்தின் சுவை பொரித்த வடகத்துக்கு வராது.

இதை இனிமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையன்று. எனக்கு ஒரு மணித்தியாலக் காவல். அக்காவுக்கும் அம்மாவுக்கும் விடிய எழுந்து உழுந்தரைப்பது முதல் இருட்டிப் பாய் சுருட்டுவது வரை வேலை. நான் தடியைப் போட்டுவிட்டுக் கிட்டிப்புள் விளையாட ஓடினால் யாரும் பெரிதாக ஏசுவதில்லை. அக்கா புத்தகத்தோடு இருந்தால் கூப்பிடுவார்கள். பழைய சமையலைப் புகழ்ந்து எழுதும் ஆண்கள் பலர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

நுங்கையும் மாம்பழத்தையும் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. கறுத்தக்கொழும்பானுக்கு என் பரிந்துரை தேவையில்லை. அவை கோடையிலே பிறந்து கோடையிலே தீர்ந்துபோகும் இன்பங்கள். நான் சொல்ல வந்தது மாரிக்காகச் செய்யப்பட்ட கோடைப் பண்டங்களை.

அவற்றுள் கடைசியாக வருவது பனம்பழம். ஆடி, ஆவணியில் இரவில் தொப்பென்று விழும் சத்தம் கேட்டால் விடியுமுன் ஓடிப்போய்ப் பொறுக்கவேண்டும். பிந்தினால் மாடு முந்திவிடும். பழத்தைப் பிசைந்து நார் நீக்கி எடுத்த களியைச் சீனியோடு காய்ச்சி, மாச் சேர்த்துப் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். மீதியைப் பாயிலே மெல்லியதாக வார்த்துக் காயவிட்டு, அதன்மேல் மறுநாளும் வார்த்து, அதற்கு மறுநாளும் வார்த்து, படை படையாகத் தடிப்பேற்றி உரித்தெடுத்தால் பினாட்டு. துண்டு துண்டாக வெட்டிப் பாணியில் ஊறவிட்டால் பாணிப்பினாட்டு. இன்று இவற்றைக் கடைகளிற் பொதிகளாகவும் வாங்கலாம். 1978ஆம் ஆண்டிற் பனை அபிவிருத்திச் சபை உருவானபின் பனம்பண்டங்களுக்கு ஒரு சந்தையும் வந்தது. அது நல்லதே.

1990ஆம் ஆண்டு ஆனியில் மீண்டும் போர் மூண்டபோது எனக்குப் பத்து வயது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையாற் சீனியும் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அருமையாயின. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தோம். பனம்பழக் களியிலே உடுப்புத் தோய்த்தோம். வாசத்துக்கு மாடுகள் கொடியிற் கிடந்த சட்டையைச் சப்பின. அதுவரை எங்களுக்கு நொறுக்குத் தீனியாக இருந்தவை உணவாக மாறின. அம்மம்மா மட்டும் எதையும் மாற்றவில்லை. அவர் செய்தது முன்பு செய்ததையே. வடகத்துக்கு உழுந்து குறைந்தது, பூக் கூடியது. கசப்பும் கூடியது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது. மழை. நாவற்குழிப் பக்கம் போகும் வீதியில் அடி அடியாக நகர்ந்த சனத்துக்குள் நாங்களும் நின்றோம். அப்பா கல்யாணப் படத்தையும் உறுதிகளையும் எடுத்திருந்தார். அம்மம்மா ஒரு பிஸ்கற் பேணியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். நகை என்றுதான் நான் நினைத்தேன். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அதைத் திறந்தபோது உள்ளே ஒரு பக்கம் புழுக்கொடியல், மறுபக்கம் சுற்றிக் கட்டிய ஒடியல் மா. அந்த மாசியில் எங்கள் முற்றத்திற் காய்ந்தவை. ஈரமே படவில்லை. புழுக்கொடியலைப் பக்கத்திற் படுத்திருந்த, யாரென்றே தெரியாத பிள்ளைகளுக்கும் முறித்துக் கொடுத்தார். விறாந்தையில் அழுகை நின்று கடிக்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நாங்கள் எட்டு மாதத்துக்கு முந்திய வெயிலைத் தின்றுகொண்டிருந்தோம்.

இப்போது நான் தமிழ் படிப்பிக்கும் வகுப்பில், "அம்மா சமைத்தாள்" என்ற வசனத்தை வேறு வினைகளால் விரித்து எழுதச் சொன்னால், பிள்ளைகளுக்கு அவித்தாள், பொரித்தாள் என்பவற்றோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகளிற் குறையில்லை. வேலை இல்லாத வீட்டில் அந்த வேலையின் சொல் எப்படி இருக்கும்? நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை நாங்கள் சிறுவயதில் மனனஞ் செய்தோம். கூழும் கொழுக்கட்டையும் ஆகும் முறையை, இடிப்பதும் தெள்ளுவதும் வறுப்பதுமாக, வினை பிசகாமற் சொல்லும் பாட்டு அது. எங்களுக்கு அதிற் பொருள் விளக்கம் தேவைப்படவில்லை, ஏனென்றால் அந்த ஓசைகள் அடுத்த வளவிற் கேட்டுக்கொண்டிருந்தன. இன்று அதைப் படிப்பிக்கும்போது 'தெள்ளுதல்' என்ற சொல்லுக்கு நான் கரும்பலகையிற் சுளகு வரையவேண்டியிருக்கிறது.

ஆகவே சென்ற சித்திரை விடுமுறைக்கு வழக்கமான கட்டுரை ஒன்றும் கொடுக்காமல், வீட்டிலுள்ள மிக வயதானவரிடம் சுளகைப் பற்றிய வினைச்சொற்களைக் கேட்டு எழுதிவரச் சொன்னேன். புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என்று பலர் கொண்டுவந்தார்கள். பின்வாங்கில் இருக்கும், அதிகம் பேசாத ஒரு பையன் 'நாவுதல்' என்று எழுதியிருந்தான். நான் அதை அகராதியிற் கண்டிருக்கிறேன், பேச்சிற் கேட்டதில்லை. அதற்கும் கொழிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவன் சொல்லத் தெரியாமற் சிறிது நின்றான். பிறகு, "ஆச்சி இப்பிடித்தான் செய்து காட்டினவ, சேர்" என்று கொப்பியை இரண்டு கையாலும் பிடித்து, மெல்லச் சரித்து, ஒரு பக்கமாக ஆட்டி ஆட்டி, கையிலே இல்லாத அரிசியிலிருந்து குறுணலைப் பிரித்துக் காட்டினான்.