தாய்ப் பாசமும் சுண்ணாம்புச் சத்தும்



பெற்ற வயிறுதான் பிள்ளையை அறியும் என்கிறார்கள். பிள்ளையில்லாத பெண்ணை நல்ல காரியத்திற்கு ஒதுக்கி வைக்கிறவர்களும், எடுத்து வளர்த்தவளைத் தாயல்ல என்கிறவர்களும் சொல்லும் நியாயம் இதுவே. ஆட்டிடம் கேட்டுப் பார்ப்போம்.

செம்மறியாடு தன் குட்டியை மோந்து பார்த்தே சேர்க்கும். வேறு குட்டி வந்தால் முட்டித் தள்ளும். 1987-ல் இங்கிலாந்தில் சினையே இல்லாத ஆடுகளை வேறு ஹார்மோனால் பக்குவப்படுத்தி, மூளைக்குள் ஆக்ஸிடோஸின் என்னும் ஹார்மோனைச் செலுத்தினார்கள். சற்று நேரத்தில் அவை அன்னியக் குட்டியை நக்கிக் கொடுத்தன! எந்த வயிறு எந்தக் குட்டியை அறிந்தது?

இதில் தூது போவது, நாம் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பிலுள்ள கால்சியம். ஜீவ அணுவுக்கு வெளியே இருப்பதில் ஏறக்குறைய 10,000-ல் ஒரு பங்குதான் உள்ளே கட்டின்றித் திரிகிறது. மீதியை அணு ஓயாமல் வெளியேற்றியும், உள்ளறைகளில் அடைத்தும் வைக்கிறது. ஆகையால் சிறிது புகுந்தாலும் அது பெரிய சேதிதான். கன்று மடியைச் சப்பியதும் மூளைக்குத் தகவல் எட்டுகிறது. நரம்பு நுனியில் கதவு திறந்து கால்சியம் பாய, ஆக்ஸிடோஸின் இரத்தத்தில் கலக்கிறது. அது மடிக்குப் போய், அங்குள்ள அணுக்களுக்குள்ளும் கால்சியத்தை ஏற்ற, அவை சுருங்கிப் பால் இறங்குகிறது. (கன்று செத்த பசுவுக்கு வைக்கோல் கன்றைக் காட்டிக் கறக்கும் நம் சாமர்த்தியமும் இவ்வழியில்தான் பலிக்கிறது.) மூளைக்குள்ளேயே ஆக்ஸிடோஸின் கசிவதற்கும், உள்ளறைக் கால்சியம் கிளம்பினால் போதும்.

பாசம் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஈனும்போது பிறப்பு வழி விரிவதனால் ஆட்டின் மூளையில் இதே ஹார்மோன் தானாகவே சுரக்கிறது. ஆனால் குட்டியின் மணம் மனத்தில் பதிய இரண்டொரு மணி நேரம் ஆகும். அதற்குள் எவருடைய குட்டியை விட்டாலும், ஈன்ற ஆடு பால் கொடுக்கும்.