முடவாட்டுக்கால் கிழங்கும் ஆறாத புண்ணும்
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



"ஐயா, முடவாட்டுக்கால் கிழங்கு கிருமியைக் கொல்லுமாமே, அரைத்துப் புண்ணில் வைக்கலாமா?" என்று சபைகளுக்குப் போகும் இடமெல்லாம் எங்களிடம் கேட்கிறார்கள். எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. ஆகவே நாட்டு மருந்து என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் அல்ல நாங்கள். 1838-ல் நெய்யூரில் மிஷன் வைத்தியம் தொடங்குவதற்கு முன்னே இந்த மண்ணின் நோயாளிகளைத் தாங்கியவர்கள் ஆசான்மாரும் வைத்தியர்களும்தானே.

முடவாட்டுக்கால் என்பது பூக்காத, காய்க்காத பெரணி வகை. பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும். கிழங்கைப் பார்த்தால் ரோமம் மூடிய ஆட்டுக்காலேதான். கொல்லிமலையில் மூட்டுவலிக்கு இதைச் சூப்பு வைத்துக் குடிக்கிறார்கள். நமது மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரணிகள் ஏராளம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் இயேசு சபைக் குருவானவர் மாணிக்கமும், இருதயராஜ் அவர்களும் 1992-ல் இவற்றைப் பற்றிப் பெரிய நூலே வெளியிட்டார்கள்.

2001-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தக் கிழங்கிலிருந்து மெத்தனாலில் இறக்கிய சாறு பலவகைப் பாக்டீரியாக்களை வளரவிடாமல் தடுத்தது. அளவு கூடக்கூடத் தடுப்பும் கூடியது. ஈரத்திலும் நிழலிலும் வாழும் செடிக்குப் பூஞ்சையோடும் பாக்டீரியாவோடும் ஓயாத போராட்டம். அதற்கான ஆயுதங்களை ஆண்டவர் அதற்குள்ளேயே வைத்திருக்கிறார். பாட்டிமார் சொன்னது வெறும் பேச்சல்ல.

ஆனால் ஆய்வுக்கூடத்துத் தட்டு வேறு, சர்க்கரை நோயாளியின் கால் வேறு. தட்டில் கிருமி மேலாகக் கிடக்கிறது. சாறு நேராகப் போய்த் தொடுகிறது. காலிலோ உணர்ச்சி மரத்து, இரத்த ஓட்டம் குறைந்து, சீழ் எலும்புவரை இறங்கியிருக்கும். மேலே பூசியது அங்கே எட்டுவதில்லை. அம்மியில் அரைத்த விழுது மெத்தனால் சாறும் அல்ல. கிழங்கோடு ஒட்டிவந்த மண்ணில் தனுர்வாதக் கிருமி இருக்கலாம். கழுவினாலும் அது போய்விட்டதென்று நம்பமுடியாது. பெரணி எல்லாம் ஒன்றும் அல்ல: பிராக்கன் என்ற பெரணியைத் தொடர்ந்து மேய்ந்த மாடுகளுக்குப் புற்றுநோய் வந்திருக்கிறது.

எங்கள் வார்டில் நாங்கள் காண்பது இதுதான். மூன்று வாரம் பச்சிலைக் கட்டோடு வீட்டில் இருந்துவிட்டு, நாற்றம் தாங்காமல் வருகிறார்கள். முதல் வாரத்தில் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும்; இப்போது முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிறது. டாக்டர் திட்டுவார் என்று என்ன வைத்தோம் என்பதையும் மறைத்துவிடுகிறார்கள். ஜெபிக்கப் போகும்போது மனைவிமார் எங்கள் காதில் மெல்லச் சொல்வார்கள்.

உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி, தினமும் கட்டு மாற்ற வசதியில்லாத இத்தகையோருக்குச் செலவாகிறது. இன்னொரு உதவியும் கேட்கிறோம். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்கும்படி உங்கள் சபையில் சொல்லுங்கள். சிறு புண் என்றாலும் உடனே அழைத்து வாருங்கள். ஏற்கெனவே ஏதாவது அரைத்து வைத்திருந்தால் அதையும் ஒரு தாளில் மடித்து எடுத்து வரட்டும். எங்கள் டாக்டர்கள் திட்டமாட்டார்கள். திட்டினால் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.