கற்குகையில் ஓர் இரவு
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"லயத்திலே காம்பராவும் கம்பளியும் இருக்க, காட்டிலே போய்க் கல்லின்மேல் படுப்பானேன்?" என்று என் பாட்டியார் கேட்டார். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர் பலருடைய முகத்திலும் அதே கேள்வி எழுதியிருக்கக் காண்கிறேன். ஆகையால், காட்டின் அழகை வருணித்துக் கைதட்டு வாங்கும் எண்ணத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அக்கேள்விக்கே விடை சொல்ல முயல்கிறேன்.

சென்ற மாசி மாதம், பல்கலைக் கழக விடுமுறையின்போது, நண்பர் நால்வர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் உச்சிக் காட்டில், ஒரு பெரும் பாறையின் அடியில் ஓர் இரவைக் கழித்தோம். நால்வரில் இருவர் மலைநாட்டுப் பிள்ளைகள், ஒருவர் யாழ்ப்பாணத்தவர், மற்றவர் கேகாலைப் பக்கத்துச் சிங்கள நண்பர். ஐந்தாமவராக வந்தவர் அத்தோட்டத்தில் நாற்பது வருஷம் உழைத்து ஓய்ந்த தாத்தா ஒருவர். "பெரியவர் ஒருவர் உடன் வந்தால் போகலாம்; இல்லையேல் இல்லை" என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். அது எவ்வளவு நல்ல நிபந்தனை என்பது பின்னால் விளங்கும்.

அந்தக் காடு தோட்டத்தின் எல்லைக்குள் இருந்தபடியால் துரையின் அனுமதி போதுமாயிற்று. எல்லாக் காடும் அப்படியன்று. ஹோட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டு முதல் தேசிய வனம்; அங்கே இரவு தங்க வேண்டுமானால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி பெற்று, அவர்கள் குறித்த இடத்தில்தான் தங்கலாம். சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த காடும் காப்புக் காடே. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாத மலைக் காடும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் சேர்ந்து 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்கப்பட்டன. "நம்ம மலைதானே, யார் கேட்பது?" என்று நுழையும் வாலிபரை நான் ஆதரிக்கமாட்டேன்.

இங்கே ஒரு சிறு சரித்திரம் சொல்ல வேண்டும். நம் தோட்டங்களில் தேயிலை மலைச்சரிவில் ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கு மேல் காடு. அந்த எல்லை ஏன் வந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கோப்பிக்காகக் காடுகளை வெட்டி எரித்த காலத்தில், லண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த சேர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடலாகாது என்று ஆங்கில அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறினார். 1873ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. ஆங்காங்கே மீறப்பட்டதும் உண்டு. ஆயினும் எஞ்சி நிற்கும் உச்சிக் காடுகளுக்கு அந்த ஆலோசனை ஒரு பெருங் காரணம். வீசும் மூடுபனியை இக்காட்டின் இலைகளும் பாசிகளும் பிடித்துச் சொட்டுச் சொட்டாக நிலத்தில் இறக்குகின்றன. மழை இல்லாத நாளிலும் பீலித் தண்ணீர் வருவது அதனாலேதான். மகாவலியும் களனியும் வளவையும் இந்த உச்சிகளிலிருந்து இறங்குபவையே.

மாலை மூன்று மணிக்குத் தேயிலையின் கடைசி வரிசையைக் கடந்தோம். அங்கே ஒரு மரத்தடியில் முனியாண்டி கல் இருக்கிறது. தாத்தா சூடம் கொளுத்தி வணங்கினார், நாங்களும் வணங்கினோம். சூடம் முற்றாக அணையும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. பிறகு தீப்பெட்டியை என்னிடம் வாங்கித் தம் மடியில் செருகிக்கொண்டு, "இனி உள்ளே நெருப்பு இல்லை, தம்பி" என்றார். மாசியில் மானாப்புல் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும், மலை முழுதும் எரியும். அன்றியும், தொங்கும் பாறையின் கீழ் பெருந்தீ மூட்டினால் சூட்டில் கல் வெடித்துச் சில்லுச் சில்லாக விழும். எனவே சிறு காஸ் அடுப்பு ஒன்றிலே தேத்தண்ணி மட்டும் போட்டுக்கொண்டோம். உண்பதற்குத் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டி வந்திருந்தோம்.

குகை என்றவுடன் இருட்டுப் பொந்து என்று எண்ணிவிட வேண்டாம். மலைச்சரிவில் ஒரு பாறை வீட்டுத் தாழ்வாரம்போல முன்னே நீட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு பேர் படுக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் எங்கே படுப்பது என்பதில் ஒரு வித்தை இருக்கிறது. மழைநீர் பாறையின் நெற்றியில் ஓடிவந்து, விளிம்பில் விழாமல், கல்லின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே உள்ளே ஊர்ந்து வரும். வெளியே மழை ஓய்ந்த பின்னும் உள்ளே சொட்டும். பண்டைக்காலத்தில் இலங்கைக் குகைகளில் வாழ்ந்த பௌத்த பிக்குகளுக்கு இது தெரியும். அதற்காகவே பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டி, நீர் வெளியே விழச் செய்தார்கள். மதுரையை அடுத்த மாங்குளம் முதலிய இடங்களில் சமண முனிவர் தங்கிய பாறைகளிலும் அதே ஏற்பாடு உண்டு. எங்கள் பாறையில் காடி இல்லை. ஆகவே தரையில் சொட்டு விழுந்து குழி பறித்திருந்த இடங்களையும், பாசி படர்ந்த இடங்களையும் விட்டு, தூசி பறக்கும் உலர்ந்த மூலையைத் தெரிந்துகொண்டோம். தாத்தா மலையிலிருந்து அறுத்துக் கட்டிவந்த மானாப்புல்லை ஒரு முழ உயரத்துக்குப் பரப்பி, மேலே உரச் சாக்கும் கம்பளியும் விரித்தார். கீழே போடுவதற்கே இவ்வளவா என்று எனக்கு ஆச்சரியம். "மேலுக்குப் போர்த்துவதைவிடக் கீழுக்குப் போடுவதுதான் முக்கியம், கல்லு ஆளைக் குடிக்கும்" என்றார் அவர்.

மிஷன் பாடசாலையில் படித்த எனக்குக் கல்லைத் தலையணையாக வைத்து உறங்கிய யாக்கோபின் கதை நினைவுக்கு வந்தது. தாத்தாவுக்குப் பாண்டவர் வனவாசம். யாழ்ப்பாணத்து நண்பருக்குத் தம் வீட்டுக் கட்டில்.

சிங்கள நண்பருடைய நினைவு இன்னும் பின்னே போயிற்று. முதல்நாள்தான் அவர் எங்களைக் கித்துல்கலைக்கு அழைத்துச் சென்று பெலிலெனவைக் காட்டியிருந்தார். அட்டனிலிருந்து அவிசாவளைக்கு இறங்கும் வீதியில் பஸ்ஸிலே போய்விடக்கூடிய தூரம். நம்மவர் பலர் ஆற்றில் குளிக்கப் போவார்கள், குகையைப் பார்க்கமாட்டார்கள். 1978ஆம் ஆண்டு முதல் அங்கே அகழ்ந்து ஆராய்ந்ததில் மனித எலும்புகளும், சிறு கற்கருவிகளும், உண்டு எறிந்த காட்டு நத்தை ஓடுகளும், காட்டுக் கொட்டைகளும் கிடைத்தன. 30,000 ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் தங்கிய இடம் அது. புளத்சிங்களப் பக்கத்துப் பகியங்கலக் குகையில் கிடைத்த எலும்பு அம்புமுனைகள் 48,000 ஆண்டுப் பழைமை உடையவை என்று 2020ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். விவசாயம் அறியாத மனிதன் அடர்ந்த மழைக்காட்டில் பிழைத்திருக்க முடியாது என்று மேனாட்டு அறிஞர் பலர் எண்ணியிருந்தார்கள். அவ்வெண்ணத்தை அசைத்தவை நம் நாட்டுக் குகைகள். குரங்கையும் மரஅணிலையும் வேட்டையாடி, இந்த மழையிலும் இந்த இருளிலும் அவர்கள் பிள்ளை பெற்று வளர்த்தார்கள்!

ஆறரை மணிக்கெல்லாம் இருள் சூழ்ந்துவிட்டது. காட்டிலே இரவு அமைதியாயிருக்கும் என்பது காட்டுக்குப் போகாதவர் சொல்வது. சிறு கற்களைத் தட்டுவதுபோல நாலாபக்கமும் தவளைகள் தட்டத் தொடங்கின. நம் மலைக் காடுகளில் வாழும் மரத்தவளைகளுள் பலவற்றுக்கு வாற்பேய் என்ற பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து, முழுத் தவளையாகவே வெளிவரும். தேவாங்கைக் காணலாம் என்று ஆசைப்பட்டோம், காணவில்லை. மலைத் தேவாங்கு அழிந்தே போயிற்றென்று கருதப்பட்டு, ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் காட்டில் அதைப் படம் பிடித்த செய்தி 2010ஆம் ஆண்டில்தான் உலகுக்கு எட்டியது. ஒன்பது மணியளவில் ஒரு மரை மிகக் கிட்டத்தில் கனைத்தது. "புலி நடக்குது" என்றார் தாத்தா. தோட்டத்தில் நாம் புலி என்பது சிறுத்தையைத்தான். எங்களுக்கு மூச்சு நின்றது. அவரோ, "அது நம்ம வாடை பிடிச்சுத் தூரமாய்ப் போயிரும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடித்தார்.

உண்மையான அபாயம் புலியால் வரவில்லை, குளிரால் வந்தது. உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். மாசி இரவில் வானம் வெளுத்திருந்தால் நுவரெலியாப் பள்ளங்களில் புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகும். யாழ்ப்பாணத்து நண்பர் மார்கழிப் பனியை மனத்தில் வைத்து ஒரு பருத்திச் சட்டையோடு வந்திருந்தார். ஏறும்போது வந்த வியர்வை அதில் காயவே இல்லை. இரவு இரண்டு மணிக்கு அவருடைய பல் கிட்டியது. கேட்ட கேள்விக்கு மறுமொழி குழறியது. பொத்தானைப் பூட்டக் கை வரவில்லை. தாத்தா ஒரு நொடியும் வீணாக்கவில்லை. ஈரச் சட்டையைக் கழற்றுவித்து, உலர்ந்த துணி சுற்றி, புல்லின்மேல் நடுவிலே கிடத்தி, இருபுறமும் எங்களை நெருங்கிப் படுக்கச் செய்து, சீனி அதிகம் போட்ட சூடான தேத்தண்ணியைச் சிறிது சிறிதாகக் கொடுத்தார். கையைக் காலைச் சூடுபறக்கத் தேய்க்க முனைந்த என்னைத் தடுத்தார். "நடுங்கட்டும், நடுங்கினால் நல்லது, நடுக்கம் நின்றுபோய் உடம்பு சில்லிட்டால்தான் பயம்" என்றார். பின்னர் முதலுதவிப் புத்தகத்தில் பார்த்தேன். வரிக்கு வரி அதுவேதான் இருந்தது. அரை மணிக்குப் பிறகு நண்பர் தெளிந்து, "பாட்டியார் சொன்னது சரிதான் போலிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை.

அதன்பின் எவருக்கும் உறக்கம் வரவில்லை. தாத்தா தம் பாட்டியிடம் கேட்ட கதையைச் சொன்னார். பாட்டி அதைத் தன் தாயிடம் கேட்டவர். கோப்பிக் காலத்தில் இராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கங்களிலிருந்து வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைவரை ஏறத்தாழ 150 மைல் காட்டு வழியே நடந்தார்கள். வழியில் தண்ணீர் இல்லை. பேதியும் காய்ச்சலும் உண்டு. இரவிலே பிள்ளைகளை நடுவில் படுக்கவைத்துப் பெரியவர்கள் சுற்றிப் படுப்பார்களாம். காலையில் எழும்ப முடியாதவரை மரத்தடியில் விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்ததும் உண்டு. தாத்தாவின் பூட்டியார் தம் தங்கையை அப்படி விட்டுவந்தவராம். அத்தங்கையின் பெயர் அவர் குடும்பத்தில் இன்றுவரை ஒரு பெண் குழந்தைக்கு வைக்கப்பட்டு வருகிறது.

நண்பரை நடுவிலே கிடத்தியபோது தாத்தா ஏன் சிரிக்கவில்லை என்பது அப்பொழுதுதான் எனக்குப் புரிந்தது. சரித்திர வகுப்பில் இப்பயணத்தை நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் மின்விளக்கின் கீழிருந்து படித்தபோது, காடு என்பது வெறும் சொல்லாயிருந்தது. முதுகின் கீழே கல் குளிரும்போது அச்சொல்லுக்குப் பொருள் வந்தது. லயம் இருக்கக் காட்டில் படுப்பானேன் என்பதற்கு என்னிடம் உள்ள விடை இதுவே. பெரியோர் இதை ஏற்கலாம், ஏற்காதும் விடலாம். அந்த மாத்தளையிலேதான் 1912ஆம் ஆண்டில் இலங்கையின் முதற் சாரணர் படை தொடங்கியது என்பதையும் இளைஞர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

காலையில் இறங்கும்போது ஒன்று கண்டோம். பன்றி நடக்கும் தடத்தில், முழங்கால் உயரத்தில், சைக்கிள் பிறேக் கம்பியில் கட்டிய சுருக்கு. தேடத் தேட ஏழு இருந்தன. எல்லாம் வெறுமையாயிருந்தன, அது அதிர்ஷ்டம். 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பக்கம், லக்சபானத் தோட்டத்தில், இவ்வாறான சுருக்கிலே ஒரு கருஞ்சிறுத்தை கழுத்து மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்தும் சில நாளில் இறந்தது. காண்பதற்கே அரிய பிராணி! சிறுத்தையைக் காக்க 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டம் இருக்கிறது. சுருக்கு வைப்பவன் சிறுத்தைக்கு வைப்பதில்லை, பன்றிக்கு வைக்கிறான்; சுருக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இதைச் சொல்லும்போது ஒரு பக்கத்தை மறைக்கலாகாது. பன்றி ஒரே இரவில் உழுதுபோடும் மரக்கறிப் பாத்தி யாருடையது? தோட்டச் சம்பளம் போதாமல், லயத்தின் பின்னால் நாம் போட்ட பாத்தி. ஆகையால் சுருக்கு வைத்தவனைக் கொடியவன் என்று ஏச எனக்கு வாய் வரவில்லை. தாத்தா ஒரு கம்பியின் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தக் கட்டு யாருதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். பெயரைச் சொல்லவில்லை. கம்பிகளைத் துரையின் ஆபீசில் ஒப்படைத்தோம். அன்று மாலை தாத்தா ஒரு வீட்டுக்குத் தனியே போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். மறுவாரம் அந்த வீட்டுப் பாத்தியைச் சுற்றித் தகர வேலி அடைக்க நாங்கள் இருவர் போய்க் கைகொடுத்தோம். மற்றப் பாத்திகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன.

பெண் பிள்ளைகள் வரலாமா என்று சென்ற கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார். காட்டு ஓரத்து மலையில் நாள்தோறும் கொழுந்து எடுப்பவர் நம் தாய்மார். எந்தப் புதரில் எது கிடக்கும் என்பதை எங்களைவிட நன்கு அறிந்தவர்கள். அவர்களில் இருவர் உடன் வரச் சம்மதித்தால் தாராளமாக வரலாம் என்பது என் கருத்து. முடிவு செய்ய வேண்டியது நிர்வாக சபை.

அடுத்த பயணம் பகற்பயணம். வரும் பௌர்ணமி விடுமுறையன்று கம்பிகளைத் தேடித் தடம் பார்ப்பதற்கு. தாத்தா வருகிறார். கம்பியில் பிராணி எதுவும் மாட்டியிருந்தால் எவரும் கிட்டப் போகலாகாது. தூர நின்று வனசீவராசிகள் உத்தியோகத்தர்களுக்கு அறிவிக்க வேண்டும். இரவு தங்குவது அதற்கடுத்த மாதம். துரையிடம் மறுபடி அனுமதி கேட்டிருக்கிறோம். பாறையின் கீழ் இடம் கொஞ்சமாகையால் பத்துப் பேருக்குமேல் சேர்க்க இயலாது. பெற்றோரின் சம்மதக் கடிதத்துடன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கம்பளி ஒன்று, உலர்ந்த மாற்றுடை ஒன்று, அட்டைக்கு உப்பு அல்லது சவர்க்காரம் ஆகியவற்றை அவரவர் கொண்டுவர வேண்டும். மானாப்புல் தாத்தா அறுத்துத் தருவார்; சுமப்பது நாம்.