கடைமடை வரை தமிழ்



காவிரி நாட்டு உழவன் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. மேட்டூரில் மதகு திறந்த அளவில் வயல் நனைந்துவிடாது. அந்நீர் கல்லணையிற் பிரிந்து, ஆறாகவும் வாய்க்காலாகவும் ஓடிக் கடைமடையைத் தொட வேண்டும். இடையில் ஒரு மடை அடைபட்டால் கடைசி வயல் காய்ந்தே கிடக்கும்.

மொழியின் நிலையும் அதுவே. தமிழே ஆட்சிமொழி என்று 1956 இல் சட்டம் வந்தது. அச்சட்டம் குடிமகன் வீட்டு வாயிலுக்கு வந்து சேரும் மடை எது? ஊராட்சி மன்றமும் நகர மன்றமுமே! பிறப்புப் பதிவு, வீட்டுவரிச் சீட்டு, தெருப்பெயர்ப் பலகை, தொடக்கப்பள்ளி ஆகிய இவற்றின் வழியாகவே எளிய மக்கள் அரசைக் காண்கின்றனர். இங்கே தமிழ் இல்லையேல் வேறெங்கிருந்தும் பயனில்லை.

அம்மடையைத் திறந்து காட்டிய பெருமக்கள் இருவர் தஞ்சையில் வாழ்ந்தனர்.

ஒருவர், கரந்தை தந்த தமிழவேள் உமாமகேசுவரனார் (1883–1941). 1911 இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முதல் தலைவர். மறையும்வரை அவரே தலைவர். இதனை நாடறியும். அவரே தஞ்சை வட்டக் கழகத்திற்கும் பன்னிரண்டு ஆண்டுகள் தலைவராய் இருந்ததைப் பலர் மறந்தனர். வட்டக் கழக வேலை என்பது சாலையும் கிணறும் பள்ளியுமே. அதனைச் சிறுவேலை என்று அவர் ஒதுக்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்த காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் புதிதாய் எழுந்தன. சங்கத்தில் தமிழ் வளர்த்தவர், அத்தமிழைக் கற்கும் பிள்ளைகளை வட்டக் கழகத்தின் வழி உருவாக்கினார்.

மற்றொருவர், பெரும்பண்ணையூரிற் பிறந்த ஏ. டி. பன்னீர்ச்செல்வனார் (1888–1940). 1918 முதல் 1920 வரை தஞ்சை நகராட்சித் தலைவர். 1924 முதல் 1930 வரை மாவட்டக் கழகத் தலைவர். திருவையாறு, தேவார மூவரும் தமிழ் பாடிய ஊர். அவ்வூரில் அறக்கட்டளைப் பொருளால் நடந்த கல்லூரியில் அந்நாளில் வடமொழிக்கே இடம், தமிழுக்கு இல்லை! பன்னீர்ச்செல்வனார் தலைமையேற்ற 1924 இலேயே தமிழ் அங்கே பாடமாயிற்று. உமாமகேசுவரனார் உடன்நின்றார். ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் ஏழை மாணவர் தங்கிப் பயில விடுதிகள் அமைந்ததும் பன்னீர்ச்செல்வனாரின் முயற்சியாலேயே. அவர் கிறித்தவர், உமாமகேசுவரனார் சைவர். தமிழ்ப்பணி இருவரையும் இணைத்தது.

1940 மார்ச்சு முதல் நாள், இலண்டன் செல்லும் வழியில் பன்னீர்ச்செல்வனார் வானூர்தியோடு ஓமான் கடலில் மறைந்தார். மறு ஆண்டு சாந்திநிகேதனைக் காண வடநாடு சென்ற உமாமகேசுவரனார் அயோத்தியில் உயிர்நீத்தார். பிறந்த மண்ணில் இறக்கும் பேறு இருவருக்கும் வாய்க்கவில்லை. ஆயினும் அவர்கள் மன்றங்களில் செய்த முடிவுகள் நின்றன. பள்ளிகளாய் நின்றன, புலவர்களாய் நின்றன.

மேடை முழக்கம் காற்றோடு போகும். மன்றக் குறிப்பேட்டில் ஏறிய முடிவோ ஊரோடு நிலைக்கும். அவ்விருவர் வாழ்வும் கற்பிக்கும் பாடம் இதுவே.

இன்று தொண்டர்க்குப் பொன்னாடை போர்த்துவதற்குக் குறைவில்லை. ஆனால் வாய்க்காலைத் தூர்வாரித் தருமாறு பத்தாண்டு முறையிட்டவருக்குப் பொன்னாடை அளித்து, வாய்க்காலைத் தூர்ந்தபடியே விடுவது பாராட்டாகுமா? நூலகம் கேட்டவருக்கு மாலையிட்டு, நூலகத்தைப் பூட்டி வைப்பது நன்றியாகுமா? தொண்டரைப் போற்றும் முறை ஒன்றே: அவர் கேட்ட பணியை மன்ற முடிவாக்கி நிறைவேற்றுதல்.

1994 ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கிராம சபை எனும் ஊரவையில் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இடம் தந்துள்ளது. 1866 இல் நகராட்சியான தஞ்சை 2014 இல் மாநகராட்சியாய் உயர்ந்தது. உயர்வு பெயரளவில் நின்றுவிடலாகாது. ஊரவைக்குச் செல்லுங்கள்! வரவு செலவைத் தூய தமிழில் படிக்கச் சொல்லுங்கள்! பெயர்ப் பலகையில் தமிழ் பிழையின்றி முதலிடம் பெறுமாறு கேளுங்கள்! பிள்ளைகள் குறைந்து வரும் தமிழ்வழித் தொடக்கப்பள்ளியைக் காக்க முடிவு செய்வியுங்கள்! அம்முடிவு குறிப்பேட்டில் ஏறும்வரை எழாதீர்கள்!

கடைமடை நனைந்தால்தான் காவிரி வந்ததாகப் பொருள். கடைசித் தெருவிலும் தமிழ் ஆண்டால்தான் தமிழாட்சி வந்ததாகப் பொருள்.

வாழ்க தமிழ்!