வெற்றிலைப் பெட்டிக்குள் ஒரு காது



எங்கள் மட்டக்களப்புக் களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போன ஊர். என் பெரியம்மாவிடமும் ஒரு வெற்றிலைப் பெட்டி இருக்கிறது. திறந்தால், பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் ஒரு காது மிசின் கிடக்கும்.

அது ஒரு வைபவத்தில் கொடுத்தது. பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். பெரியம்மா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தா. அந்த மிசினின் பொத்தான் போன்ற பற்றரி ஒன்றிரண்டு கிழமைதான் தாங்கும். முடிந்ததும் பேரன் கடை கடையாகத் தேடினான். அச்சும் அவவின் காதுக்கு எடுத்ததல்ல. வைத்தால் கீச்சென்று கூவியது. மறுகா என்ன? பெட்டிக்குள் போய்விட்டது.

கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காதுக்குத் தேவை பொருள் மட்டுமல்ல, பராமரிப்பு. கேட்கும் அளவைச் சோதிக்க வேண்டும். அவரவர் காதுக்கு அச்சு எடுக்க வேண்டும். சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பொருத்த வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற ஊர் இது. உப்புக் காற்றும் வியர்வையும் மிசினைத் தின்னும், திருத்தவும் வேண்டும். இத்தனைக்கும் காசு யார் கொடுப்பது?

எங்கள் இலங்கையில் அரச ஆஸ்பத்திரி இலவசம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் டொக்டரைக் காசில்லாமல் காணலாம். மிசின் என்று வரும்போதுதான் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கிறோம். இல்லையென்றால் நகையை அடகு வைக்கிறோம்.

காப்புறுதி இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலான மருத்துவக் காப்புறுதி, வாட்டில் கட்டில் பிடித்துப் படுத்தால்தான் காசு தரும். காது கேளாதவர் கட்டிலில் படுப்பதில்லையே! திண்ணை மூலையில் ஒதுங்கி உட்காருகிறார். அந்த மூலைக்கு அந்தக் காப்புறுதிகளில் படிவம் இல்லை.

பணக்கார நாட்டிலும் இந்தக் கதை உண்டு. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்புறுதி 1965இல் சட்டமானபோது, காது மிசினுக்குப் பணமில்லை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். யுத்தத்தில் நொந்துபோன பிரிட்டனோ, 1948இல் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியபோதே மிசினை இலவசமாகக் கொடுத்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், பிறவியிலேயே கேளாத சின்னக் குழந்தைகளுக்கு காக்ளியர் கருவி பொருத்தும் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். ஆகவே இது பணத்தின் பிரச்சினை மட்டுமல்ல. பட்டியலில் காதைச் சேர்க்கும் மனம் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணக்குச் சொன்னது: உலகில் 43 கோடிப் பேருக்குச் செவிப் பராமரிப்புத் தேவை. மிசினால் பயன்பெறக்கூடிய நூறு பேரில் 17 பேர்தான் அதை அணிகிறார்கள். நாடுகள் ஆளுக்கு வருடத்துக்கு ஒன்றரை டொலருக்கும் குறைவாகக் கூடுதலாய்ச் செலவழித்தாலே நிலைமை மாறும் என்றும் சொன்னது.

உலகக் கணக்கு இருக்கட்டும். இந்தச் சபையிலே ஆசிரியர்மார், கிளாக்கர்மார் இருக்கிறீர்கள். அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதிக்கு மாதாமாதம் சம்பளத்தில் கழிகிறது. மூக்குக்கண்ணாடிக்குக் கோரிக்கைப் படிவம் நிரப்பத் தெரிந்த எங்களில், காதுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? கண்ணாடி போட்டால் படித்தவர். மிசின் போட்டால் செவிடரா? எங்கள் வெட்கம் காப்புறுதிக்காரருக்கு நல்ல இலாபம்!

ஆகவே மூன்று காரியம் செய்வோம். புதிதாகக் காப்புறுதியில் கையெழுத்து வைக்குமுன், காதுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்போம். சோதனை, அச்சு, பற்றரி, திருத்தம் எல்லாவற்றையும் அரச காப்புறுதியில் சேர்க்கச் சொல்லி இந்தச் சபையிலிருந்தே மகஜர் அனுப்புவோம். தானம் செய்ய வருகிறவர்களிடம், ஒரு வருடப் பற்றரியையும் சேர்த்துத் தாருங்கள் என்று பணிவாகச் சொல்வோம்.

பெரியம்மாவின் பெட்டியில் வெற்றிலையும் பாக்கும் இருக்கட்டும். மிசின் அவவின் காதில் இருக்கட்டும்.