விலங்கின் உருவும் ஓவியன் விழியும்

(செந்துறையில் ஓவியம் பயிலும் இளைஞரிடை ஆற்றிய உரை)



"ஆட்டை வரைந்தால் அஃது ஆடுபோல் இருத்தல் வேண்டாவா? கோணலும் மாணலுமாய்க் கோடிழுத்துவிட்டு அதனை ஓவியம் என்பது யாங்ஙனம்?" இவ்வினா நம் ஊர்களில் எழாத நாளில்லை. வினவுவோரை எள்ளுதல் தகாது. விடை கூறுதலே ஓவியன் கடன்.

முதற்கண் சொல்லைத் தெளிவோம். உருவத்தை அறவே நீத்த ஓவியத்தை 'அரூபம்' என்று எழுதி மக்களை மருட்டுகின்றனர். 'உருவிலி ஓவியம்' என்றால் விளங்காதா? உருவம் முற்றும் மறையாமலும் முற்றும் வெளிப்படாமலும் நிற்பதை 'அரையுருவ ஓவியம்' என்போம். வண்ணம் தீட்டாது கோட்டளவில் நிற்பதைப் 'புனையா ஓவியம்' என நெடுநல்வாடை குறிக்கின்றது. எல்லாவற்றையும் காட்டாமல் விடுதலும் ஓவியமே என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

நம் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தின் சிங்கக் கிணற்றைக் கண்டிருப்பீர்கள். அரிமா தமிழகக் காட்டு விலங்கன்று. அதனைக் கண்ணாற் காணாத தச்சரே நம் கோயில்தோறும் அரிமாக்களை வடித்திருத்தல் கூடும். அவற்றின் பிடரியை உற்றுநோக்குங்கள். அது மயிரன்று, சுருள் சுருளான கோலம். ஆயினும் அதனை அரிமா அன்றென்பார் யார்? வடிவை அப்படியே பெயர்க்காமல் வீற்றை வடித்தனர்.

மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பெரும்பாறைச் சிற்பம் இதனினும் தெளிந்த சான்று. அங்குள்ள யானைகள் உயிர் யானைகளே போல நிற்கின்றன. அதே பாறையில் ஒரு பூனை, பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைமேல் உயர்த்தித் தவம் செய்கின்றது, அருகே எலிகள்! எந்தப் பூனை அவ்வாறு நின்றது? உள்ளதை உள்ளவாறு காட்டவும், கருத்துக்கேற்ப உருவை மாற்றவும் ஒரே பாறையில் அறிந்திருந்தனர் நம் கற்றச்சர்.

அப்பூனைக்கு நம் காலத்தில் உறவு தேடித் தந்தவர் ஓவியர் ஆர்.பி. பாசுகரன். 1942-இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, பின்னர் அதற்கே முதல்வராய் அமர்ந்தவர். குறுக்கே வந்தால் தீக்குறி என்று நாம் விரட்டும் பூனையை அவர் மீண்டும் மீண்டும் வரைந்தார். வலிய கோடுகளால் உடலைச் சுருக்கி, பூனையின் தன்மையை நிறுத்தினார். அரசர்க்கும் செல்வர்க்கும் உரியதாய் இருந்த உருவப்படத்தைப் பூனைக்கும் உரியதாக்கியது சிறு செயலன்று.

இவையெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு என்பாரும் உளர். அக்கல்லூரியே 1850-இல் அலெக்சாந்தர் அண்டரால் தொடங்கப் பெற்றதுதான். பிறர் வழியை அறிதல் குற்றமன்று. நம் விழியை இழத்தலே குற்றம். பிக்காசோ 1945-46-இல் ஒரே காளையைப் பதினொரு நிலைகளில் கல்லச்சில் வரைந்தார். தசையும் மயிரும் நிறைந்த காளை படிப்படியாய்க் குறைந்து, இறுதியில் சில கோடுகளாய் நின்றது. குறைப்பதற்கு முன் காளையை முழுமையாய் அறிந்திருந்தார் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

இளைஞர்காள்! நாட்காட்டிப் படத்தையும் ஒளிப்படத்தையும் பார்த்துக் கட்டம் போட்டுப் பெயர்த்தெழுதுவது கைப்பழக்கம் தரும், கண்பழக்கம் தராது. உங்கள் தொழுவத்துக் காளையின் திமிலையும் அலைதாடியையும் கொம்பின் வளைவையும் நாள்தோறும் வரைந்து பழகுங்கள். அதன்பின் ஒவ்வொரு கோடாக நீக்குங்கள். எதை நீக்கினால் காளை காளையாகாதோ, அதனை மட்டும் தாளில் நிறுத்துங்கள். பயிலாமல் கோணலாய் வரைவது அரையுருவம் ஆகாது.

பெற்றோர்களே! பிள்ளை வரைந்த ஆட்டுக்குக் கால் நீண்டிருந்தால் நகையாடாதீர்கள். "ஏன் நீட்டினாய்?" என்று வினவுங்கள். அப்பிள்ளையிடம் விடையிருப்பின், உங்கள் இல்லத்தில் ஓர் ஓவியன் வளர்கின்றான் என்று அறிக!